மூடுபனியில் நின்ற பந்தயம்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்திலுள்ள நியூபோர்ட் துறைமுகத்துப் பாய்மரப் படகுப் பந்தயங்களைப் பற்றி இப்பகுதியில் எழுதியதைத் தொடர்ந்து, மூடுபனியால் பந்தயம் ரத்தாகும் நாட்களைப் பற்றிப் பல கேள்விகள் வந்துள்ளன. எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியவை என்பதால் இந்த முறை இடம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

நியூபோர்ட்டுக்கு அருகில் வசிக்கும் என் மகள் ஜூன் மாதத்தில் ஒரு காணொளி அனுப்பினாள். மூடுபனியால் பந்தயம் ரத்தான அன்று, ஓர் அணியினர் படகைக் கிரேனில் தூக்கி, பாய்களைச் சுருட்டி, பாய்மரத்தைக் கழற்றி, மாலை வரை வேலை செய்துகொண்டிருந்தார்கள். பந்தயமே நடக்காத நாளில் இவ்வளவு வேலை எதற்கு? மறுநாள் மீண்டும் அவிழ்க்க வேண்டியதுதானே?
– வாசகி, தஞ்சாவூர்

காணொளியில் கிரேன் இருந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதே பாதி விடையைத் தந்துவிடுகிறது. அடியில் கனமான கீல், அதாவது படகு கவிழாமல் நிறுத்தும் செங்குத்துத் தகடு, பொருத்திய படகுகளின் தொடர்பந்தயங்களில், தொடர் தொடங்கிய பிறகு எழுத்துமூல அனுமதியின்றிப் படகை நீரிலிருந்து தூக்கக் கூடாது என்ற விதி பெரும்பாலும் இருக்கும். வசதி படைத்த அணிகள் இரவோடு இரவாகப் படகைக் கரையேற்றி, அடிப்பகுதியைத் துடைத்து மெருகேற்றிக் கூடுதல் வேகம் தேடிக்கொள்வதைத் தடுப்பதற்கான ஏற்பாடு அது. பழுது பார்ப்பதற்கென்று அனுமதி பெற்றுத் தூக்குவதும் உண்டு. ஆனால் அப்படித் தூக்குகிறவர்கள் பாய்மரத்தைக் கழற்றி மூட்டை கட்ட மாட்டார்கள். ஆகவே உங்கள் மகள் பார்த்தது தொடரின் கடைசி நாளாகத்தான் இருக்க வேண்டும். அந்த அணியினர் ஊருக்குக் கிளம்புவதற்காகக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நியூபோர்ட்டில் அதிகம் காணப்படும் படகுகளுள் ஒன்றான ஜே-70 வகையை எடுத்துக்கொண்டால் அந்த வேலையின் அளவு புரியும். 2012-இல் அறிமுகமான இந்தப் படகு ஏறத்தாழ 7 மீட்டர் நீளமும் 800 கிலோ எடையும் கொண்டது. நான்கு அல்லது ஐந்து பேர் சேர்ந்து ஓட்டுவார்கள். இதை வடிவமைத்து விற்கும் நிறுவனமும் நியூபோர்ட்டைச் சேர்ந்ததே. காரின் பின்னால் டிரெய்லரில் பூட்டி இழுத்துச் செல்லக்கூடிய படகு என்பதுதான் இதன் பெரிய கவர்ச்சி. அந்த வசதிக்குரிய விலையைப் படகோட்டிகள் தொடரின் கடைசி நாள் மாலையில் உழைப்பாகக் கொடுக்கிறார்கள். முதலில் பாய்கள் இறங்கும். பிறகு படகு கிரேனின் கீழே தன் முறைக்காகக் காத்திருக்கும். படகின் நடுவே பொருத்தும் ஒற்றைப் பட்டையில் கிரேனின் கொக்கியை மாட்டித் தூக்கும்போது, முன்னும் பின்னும் கட்டிய கயிறுகளை இருவர் பிடித்துக்கொண்டு, படகு சுழன்று சுவரில் மோதாமல் பார்த்துக்கொள்வார்கள். டிரெய்லரில் இறக்கியபின் கீல் மேலே இழுக்கப்படும். சுக்கான் கழற்றப்பட்டு உறையில் போகும். கரியிழையால் (கார்பன் ஃபைபர்) ஆன பாய்மரம் தளத்தட்டின் மீதே நிற்பது என்பதால், சிலர் கூடினால் கையாலேயே அதைச் சாய்த்து இறக்கிவிடலாம். அதைத் தாங்கி நின்ற கம்பிகளை, எத்தனை சுற்று முறுக்கியிருந்தன என்று குறித்துக்கொண்ட பிறகே தளர்த்துவார்கள். அடுத்த ஊரில் மீண்டும் நிறுத்தும்போது அந்தக் குறிப்புதான் கை கொடுக்கும். கடைசியாக எல்லாவற்றுக்கும் நல்ல தண்ணீர்க் குளியல்.

இதில் எதுவும் மூடுபனி நாளுக்கென்று தனியாகச் செய்யப்படுவதன்று. ஆனால் பந்தயம் நடந்த நாளில் இதே வேலையை வெற்றிக் களிப்போ தோல்வி எரிச்சலோ தள்ளிக்கொண்டு போய்விடும். ரத்தான நாளில், காலையிலிருந்து காத்துக் காத்துச் சலித்த மனிதர்கள் ஈரக் கையோடு திருகுகளைக் கழற்றுகிறார்கள். சிறு ஊசிகளும் வளையங்களும் தொலைவதற்கு அதைவிடத் தோதான நேரம் இல்லை. அதனால்தான் நல்ல அணிகளில் எந்த உருப்படி எந்தப் பையில், யார் பொறுப்பில் என்று எழுதி வைத்திருப்பார்கள்.

எங்கள் ஊர் விசைப்படகுகள் ஜிபிஎஸ் கருவியை நம்பி எந்த இருட்டிலும் கடலுக்குப் போய் வருகின்றன. அவ்வளவு வசதியான நாட்டில், பனி மூட்டம் என்பதற்காகப் பந்தயத்தையே நிறுத்துவது மிகையாகத் தோன்றவில்லையா?
– வாசகர், நாகப்பட்டினம்

மிகையாகத் தோன்றவில்லை. நீங்கள் படகோட்டியின் கண்ணைப் பற்றிக் கேட்கிறீர்கள். பந்தயத்தில் அதற்கு இணையாக முக்கியமானது நடுவரின் கண்.

கிடைமட்டத்தில் 1 கிலோமீட்டருக்கும் குறைவாகப் பார்வை தெரியுமானால் அதை மூடுபனி என்று வானிலையாளர்கள் வகைப்படுத்துகிறார்கள். இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். 60 ஜே-70 படகுகள் போட்டியிடுவதாக வைத்துக்கொண்டால், அவை நெரிசலில்லாமல் தொடங்குவதற்குக் கோட்டின் நீளம் 500 மீட்டரை எட்ட வேண்டும். அந்தக் கோடு நீரில் வரையப்பட்டதில்லை. ஒரு முனையில் பந்தயக் குழுவின் படகில் நிற்கும் கம்பத்துக்கும் மறுமுனையில் மிதக்கும் மிதவைக்கும் இடையே மனத்தால் இழுக்கப்படும் கோடு. ஐந்து நிமிட எச்சரிக்கைக்குப் பிறகு தொடக்க ஒலி எழும் அந்த நொடியில், யாருடைய படகின் மூக்கு அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தது என்பதை ஒரு மனிதர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். தாண்டியவர்கள் இருந்தால் உடனே கொடி காட்டி ஒலியெழுப்ப வேண்டும். 200 மீட்டருக்கு அப்பால் வெண்மையைத் தவிர வேறொன்றும் தெரியாதபோது, மறுமுனையில் முந்திக்கொண்ட படகை அவர் எப்படிக் காண்பார்? காற்று வரும் திசையில் முதல் மிதவை ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர் தொலைவில் இருக்கக்கூடும். அதைப் படகோட்டிகளும் காண முடியாது. அது நங்கூரம் அறுந்து நகர்ந்துவிட்டால் குழுவுக்கும் தெரியாது.

உலகப் பாய்மரப் படகோட்டல் அமைப்பின் விதிநூல், பந்தயத்தைக் கைவிடுவதற்கான காரணங்களாக மோசமான வானிலை, போதாத காற்று, காணாமற்போன அல்லது இடம் பெயர்ந்த மிதவை ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, பாதுகாப்பையோ நியாயத்தையோ நேரடியாகப் பாதிக்கும் வேறெந்தக் காரணத்தையும் சேர்த்துக்கொள்கிறது. மூடுபனி இவற்றில் மூன்றைத் தொடுகிறது. பாதுகாப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீன்பிடிக்கப் போகும் படகுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன; பந்தயப் படகுகளோ ஒரே மிதவையை நோக்கி, ஒன்றையொன்று உரசும் தொலைவில், எதிரெதிர்த் திசைகளில் வெட்டிக்கொண்டு போகின்றன. ஜிபிஎஸ் கருவி தன் இடத்தைச் சொல்லும். குறுக்கே வரும் படகைச் சொல்லாது. தவிரவும், மின்னணுக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் விதி பல படகு வகைகளில் உண்டு.

நெடுந்தூரப் பந்தயங்களின் கதை வேறு. நியூபோர்ட்டிலிருந்து பெர்முடா தீவு வரை சுமார் 635 கடல் மைல் ஓடும் பந்தயத்தில், நடுவழியில் மூடுபனி வந்தால் யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். அங்கே படகுகள் சிதறிக் கிடக்கும். முடிவுக் கோட்டைக் கடந்த நேரம்தான் கணக்கு. போட்டியில் இறங்குவதா, தொடர்வதா என்ற பொறுப்பு அந்தந்தப் படகையே சாரும் என்று விதிநூலும் சொல்கிறது. ஆனால் கரைக்கு அருகே மிதவைகளைச் சுற்றி ஓடும் பந்தயத்தில் அந்த வாசகத்தை மட்டும் காட்டிப் பந்தயக் குழு கையைக் கழுவிவிட முடியாது.

ரத்து என்று எப்போது உறுதியாகத் தெரியும்? எந்தக் கட்டத்தில் அணியினர் மூட்டை கட்டத் தொடங்கலாம்?
– வாசகர், கோயம்புத்தூர்

இதற்கு விடை கொடிக்கம்பத்தில் இருக்கிறது. சிவப்பும் வெள்ளையுமாகச் செங்குத்துக் கோடுகள் கொண்ட ஒரு கூம்புக்கொடி, இரண்டு ஒலிகளோடு ஏறினால், தொடங்காத பந்தயங்கள் ஒத்திவைக்கப்பட்டுள்ளன என்று பொருள். படகோட்டிகள் அதை ஏ.பி. என்பார்கள். அது தனியாகப் பறக்கும்வரை யாரும் எதையும் கழற்றக் கூடாது. ஏனென்றால் அது ஓர் ஒலியோடு இறங்கிய ஒரே நிமிடத்தில் எச்சரிக்கைக் குறி வந்துவிடும்; அதிலிருந்து ஐந்தாம் நிமிடம் பந்தயம் தொடங்கிவிடும். மூடுபனி விலகும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆறு நிமிடம் எவ்வளவு குறுகியது என்று தெரியும். பாயைச் சுருட்டி வைத்துவிட்டு ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்த அணி அதற்குள் தயாராக முடியாது.

ஏ.பி. கொடியின் கீழே எச் என்ற எழுத்துக்குரிய கொடி சேர்ந்தால், மேற்கொண்டு அறிவிப்பு கரையில் தரப்படும் என்று பொருள். எல்லோரும் துறைக்குத் திரும்பலாம். ஆனால் நாள் முடியவில்லை. அதன் கீழே ஏ என்ற எழுத்துக்குரிய கொடி பறந்தால்தான், இன்று இனிப் பந்தயம் இல்லை. ஏற்கெனவே தொடங்கிய பந்தயத்தின் நடுவே பனி இறங்கினால், நீலமும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டங்கள் போட்ட, ‘என்’ (N) என்ற எழுத்துக்குரிய கொடி மூன்று ஒலிகளோடு ஏறும். அதன் கீழேயும் எச் அல்லது ஏ சேரலாம், பொருள் அதேதான்.

அனுபவமுள்ள அணியின் கை இந்தக் கொடிகளைப் பின்பற்றியே நகரும். வெறும் ஏ.பி. என்றால் முன்பாயை மட்டும் இறக்கித் தளத்தட்டிலேயே கட்டிப்போடுவார்கள். படபடத்து அடித்துக்கொள்ளும் பாய் வீணாகத் தேயும் என்பதே காரணம். எச் சேர்ந்தால் பெரிய பாயும் இறங்கும், ஆனால் பாய்மரத்தின் இழுகம்பிகளைத் தொட மாட்டார்கள். ஏ சேர்ந்த பிறகே பைகள் திறக்கும். எச் கொடியின் கீழே கழியும் மணி நேரங்கள்தான் ஒரு படகோட்டிக்கு மிகக் கொடுமையானவை என்று நான் நினைக்கிறேன். முழுதாக ஓய்வெடுக்கவும் முடியாது, முழுதாகத் தயாராக நிற்கவும் முடியாது. கடைசி நாளில் மட்டும் ஒரு சிறு ஆறுதல் உண்டு: குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு எச்சரிக்கைக் குறி தரப்படாது என்று அறிவிப்பிலேயே வழக்கமாக எழுதியிருப்பார்கள். அந்த நேரம் நெருங்க நெருங்க, கொடிக்கம்பத்தைவிடக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பவர்களின் எண்ணிக்கை கூடும்.

மூடுபனி நாளில் பாய்கள் காற்றைக்கூடச் சரியாகப் பார்த்திருக்காது. அவற்றை அப்படியே பையில் போடாமல் ஏன் காயவைக்கிறார்கள்?
– வாசகி, சேலம்

மூடுபனி என்பது மிக நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம்தான். பாய் ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் அத்துளிகள் அதில் படிந்துகொண்டே இருக்கும். மழையில் நனைந்த பாயை எல்லோரும் கவனிப்பார்கள். பனியில் நனைந்தது கண்ணுக்கு உலர்ந்ததுபோலத் தோன்றி ஏமாற்றும். காற்றின் திசையில் ஓடும்போது விரியும் ஸ்பின்னக்கர் என்ற பாய் மெல்லிய நைலான் துணி. அதை ஈரத்தோடு பையில் திணித்து, வெயிலில் நிற்கும் வண்டிக்குள் இரண்டு நாள் விட்டால், பூஞ்சைக் கறையும் ஒரு நிறம் மற்றொன்றில் ஏறிய சாயமுமாகத்தான் வெளியே வரும். பெரிய பாயும் முன்பாயும் வேறு வகை. நெய்த துணியால் ஆனவை ஓரளவு மடிப்பைத் தாங்கும். படலங்களை ஒட்டிச் செய்தவை மடித்த இடத்தில் நிரந்தர வடு கொள்ளும். ஆகவே இரண்டு பேர் இரு ஓரங்களையும் பிடித்து, கோரைப்பாயைச் சுருட்டுவதுபோல மேலிருந்து கீழாகச் சுருட்டி, நீண்ட குழல் போன்ற பையில் நுழைப்பார்கள். உள்ளே செருகியிருக்கும் சட்டங்கள் வளையாதபடி, அவற்றுக்கு இணையாகவே சுருட்ட வேண்டும் என்பதைப் புதியவர்கள் அடிக்கடி மறப்பார்கள்.

காயவைக்க வெயில் இல்லையே என்பீர்கள். உண்மைதான், அன்று புல்வெளியில் விரித்தும் பயனிருக்காது. கூரையுள்ள கொட்டகை கிடைத்தால் உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். கிடைக்காதவர்கள் தளர்வாகச் சுருட்டி எடுத்துச் சென்று, வீடு சேர்ந்ததும் கார் நிறுத்துமிடத்தில் விரித்துப் போடுவார்கள். கயிறுகளுக்கும் இதே கவனம் வேண்டும். ஈரக் கயிற்றைச் சுருட்டிப் பெட்டிக்குள் பூட்டினால் அடுத்த முறை திறக்கும்போது நாற்றமே வரவேற்கும். படகின் உட்புறத்து அடியில் தேங்கிய நீரைப் பஞ்சால் ஒற்றியெடுத்து, மூடிகளைத் திறந்துவைத்துக் காற்றாட விடுவதும் இந்த வரிசையில் சேரும்.

ஜூன் மாதம் அங்கே கோடைக்காலம். கோடையில் எப்படி மூடுபனி? நம் சென்னைக் கடலில் ஏன் அப்படி வருவதில்லை?
– வாசகர், வேலூர்

நம் ஊரில் மார்கழி, தை மாதங்களில் நாம் காணும் மூடுபனி நிலத்தில் பிறப்பது. மேகமற்ற இரவில் தரை தன் வெப்பத்தை இழந்து குளிர, அதையொட்டிய ஈரக்காற்று குளிர்ந்து துளிகளாகிறது. வெயில் ஏறியதும் கலைந்துவிடுகிறது. நியூபோர்ட்டின் மூடுபனி கடலில் பிறப்பது. ஜூன் தொடக்கத்தில் அங்கே காற்று சூடாகிவிடும்; ஆனால் நீர் மெதுவாகத்தான் சூடேறும், 15 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். தென்மேற்கிலிருந்து வரும் சூடான ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த நீரின் மீது தவழும்போது, அடிப்பகுதி குளிர்ந்து மூடுபனியாகிறது. அந்தக் காற்று வீசிக்கொண்டே இருக்கும்வரை மூடுபனியும் வந்துகொண்டே இருக்கும். வெயில் ஏறினால் கலைந்துவிடும் என்று நாம் பழக்கத்தால் எதிர்பார்ப்பது அங்கே பலிப்பதில்லை. கரைமேல் நல்ல வெயிலும், ஒரு கடல் மைல் வெளியே தடித்த வெண்சுவருமாக நாள் முழுவதும் நிற்பதுண்டு. காற்றும் மூடுபனியும் ஒன்றாகவே இருக்கும் என்பதால் படகோட்டிகளின் எரிச்சல் இரட்டிப்பாகிறது. ஓட்டுவதற்கு அருமையான காற்று, பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

வங்கக்கடலின் மேற்பரப்பு ஆண்டின் பெரும்பகுதியிலும் 27 டிகிரிக்கு மேல் இருக்கிறது. அதன் மீது வரும் காற்றைக் குளிர்விக்கும் வலு அதற்கு இல்லை. சென்னையில் போகிப் பண்டிகைக் காலையில் விமானங்கள் தாமதமாவது கரைமேல் கலந்த புகையும் பனியும் செய்யும் வேலை. அதற்கும் கடலுக்கும் தொடர்பில்லை.

அமெரிக்காவின் மிகப் பழைய பாய்மரப் பந்தயத் தொடராகக் கருதப்படுவதும் 1845-இல் தொடங்கியதுமான நியூயார்க் யாட் கிளப்பின் ஆண்டுப் பந்தயம், இப்போது நியூபோர்ட்டில் இதே ஜூன் மாதத்தில்தான் நடக்கிறது. மூடுபனிக் காலம் என்று தெரிந்தும் அந்த மாதத்தையே வைத்துக்கொண்டிருப்பது பிடிவாதமா மரபா என்று கேட்டால், ரோட் ஐலண்ட் அடங்கிய நியூ இங்கிலாந்து வட்டார மக்களிடம் இரண்டும் ஒன்றே என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

கடலில் இருக்கும்போது மூடுபனி இறங்கிவிட்டால் படகுகள் எப்படிக் கரை சேர்கின்றன?
– வாசகர், தூத்துக்குடி

மெதுவாகவும் சத்தமாகவும். பந்தயம் கைவிடப்பட்டதும் பந்தய விதிகளைவிடக் கடல்வழி மோதல் தடுப்புக்கான 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகளே முன்னுக்கு வரும். பாயால் ஓடும் கலம், இரண்டு நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில், ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் எழுப்ப வேண்டும். எந்திரத்தால் ஓடும் கலம் ஒரு நீண்ட ஒலி மட்டும். நீண்ட ஒலி என்பது நான்கு முதல் ஆறு விநாடி. 12 மீட்டருக்குக் குறைந்த சிறு படகுகளுக்கு இதே முறை கட்டாயமில்லை. ஆனால் ஏதேனும் ஒரு வகையில் தெளிவாகக் கேட்கும் ஒலியை எழுப்பியே தீர வேண்டும். பந்தயக் குழுவின் விசைப்படகுகள் சிறு படகுகளைக் கயிற்றால் கோத்து வரிசையாக இழுத்துக்கொண்டு வருவதும் வழக்கம். திரும்பிய படகுகளின் எண்களை ஒருவர் பட்டியலில் அடித்துக்கொண்டே இருப்பார். கடைசி எண் அடிபடும்வரை பந்தய அதிகாரி துறையை விட்டு நகர மாட்டார்.

நியூபோர்ட்டின் எதிரே, கானானிக்கட் தீவின் தென்முனையில் நிற்கும் பீவர்டெய்ல் கலங்கரை விளக்கத்தைப் பற்றி இங்கே சொல்லாமல் போக மனமில்லை. 1749-இல் முதன்முதலாக நிறுவப்பட்ட விளக்கம் அது. பனியில் விளக்கு பயன்படாது, ஒலிதான் பயன்படும் என்பதால், 19-ஆம் நூற்றாண்டில் மூடுபனி ஒலிக்கருவிகளைச் சோதிக்கும் களமாகவும் அது இருந்தது. 1850-களின் தொடக்கத்தில் அங்கே வைக்கப்பட்ட ஊதுகொம்புக்குத் தேவையான காற்றை அழுத்திக் கொடுத்தது ஒரு குதிரை. பனி விலகாத நாட்களில் அந்தக் குதிரையின் பாடு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்தால், எச் கொடியின் கீழே காத்திருக்கும் படகோட்டிகள் கொஞ்சம் சமாதானமடையலாம்.

ஒரு நாள் பந்தயம் போய்விட்டால் புள்ளிகள் எப்படிக் கணக்கிடப்படும்? ரத்தானதால் யாருக்காவது பாதகம் உண்டா?
– வாசகர், திருச்சி

உண்டு, ஆனால் அதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கவனிப்பதில்லை. இந்த விளையாட்டில் முதலிடத்துக்கு ஒரு புள்ளி, இரண்டாமிடத்துக்கு இரண்டு என்று போகும். குறைந்த மொத்தம் பெற்றவரே வெற்றியாளர். குறிப்பிட்ட எண்ணிக்கையில் பந்தயங்கள் முடிந்தால், ஒவ்வொரு படகும் தன் மிக மோசமான ஒரு முடிவைக் கழித்துக்கொள்ளலாம். அந்த எண்ணிக்கை ஆறு என்று தொடரின் அறிவிப்பில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 60 படகுகள் உள்ள தொடரில் ஓர் அணி ஐந்து பந்தயங்களில் 2, 3, 1, 61, 2 என்று எடுத்திருக்கிறது. அந்த 61, தொடக்கக் கோட்டை முந்தியதற்கான தண்டனை: போட்டியிட்ட படகுகளின் எண்ணிக்கையோடு ஒன்று. மொத்தம் 69. இன்னோர் அணி 5, 6, 4, 7, 5 என்று சீராக ஓடி 27-இல் நிற்கிறது. ஆறாவது பந்தயம் நடந்து, அதில் முதல் அணி பத்தாவதாகவும் இரண்டாம் அணி முதலாவதாகவும் வந்தால்கூட, கழித்தபின் 18-க்கு 21 என்று முதல் அணியே முன்னால் இருக்கும். மூடுபனி அந்த ஆறாவது பந்தயத்தை விழுங்கிவிட்டால் 69-க்கு 27.

அதனால்தான், ரத்து அறிவிக்கப்பட்ட துறைமுகத்தில் ஓர் அணி புன்னகையோடும் பக்கத்து அணி இறுகிய முகத்தோடும் ஒரே வேலையைச் செய்துகொண்டிருப்பதைக் காணலாம். இதை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். கழித்தலுக்கான எண்ணிக்கை தொடர் தொடங்கும் முன்பே அச்சில் இருக்கிறது. ஜூன் மாத நியூபோர்ட்டில் எல்லா நாட்களும் கிடைக்காது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, தொடக்கத்தில் துணிச்சலைக் குறைத்துக்கொள்வதும் திறமையின் ஒரு பகுதிதான்.

பெரிய போட்டிகளில் இப்படிப் பாதியில் கைவிடப்பட்டது வரலாற்றையே மாற்றியதாக உதாரணம் உண்டா?
– வாசகர், மதுரை

மூடுபனியால் அன்று, காற்றில்லாமையால் கைவிடப்பட்டவை இரண்டு நினைவுக்கு வருகின்றன. அமெரிக்கக் கோப்பைப் போட்டிகள் 1930 முதல் 1983 வரை நியூபோர்ட்டின் கடலிலேயே நடந்தன. 1983-இல் மூன்றாவது பந்தயம் முதன்முறை ஓடியபோது ஆஸ்திரேலியா-2 படகு நல்ல இடைவெளியில் முன்னிலை வகித்தது. ஆனால் 5 மணி 15 நிமிட வரம்புக்குள் முடிக்க முடியாமல் பந்தயம் கைவிடப்பட்டது. மறுபடி ஓடியபோதும் அதுவே வென்றது. இறுதியில் 4-3 என்ற கணக்கில், 132 ஆண்டுகளாக அமெரிக்கர்களிடமிருந்த கோப்பையையும் எடுத்துச் சென்றது. 2013-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது இதற்கு நேர்மாறு. கோப்பைக்கு ஒரே ஒரு வெற்றி தேவைப்பட்ட நியூசிலாந்து அணி, 13-ஆம் பந்தயத்தில் வெகுதூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது 40 நிமிட வரம்பு தீர்ந்துவிட்டது. அதே நாளில் மீண்டும் ஓடிய பந்தயத்தை, கோப்பையை வைத்திருந்த அமெரிக்காவின் ஆரக்கிள் அணி வென்றது; 1-8 என்று பின்தங்கியிருந்த அந்த அணி, கடைசியில் 9-8 என்று கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது.

அந்தப் போட்டியின் படகுகளில் பாய்க்குப் பதிலாக விமான இறக்கை போன்ற, ஏறத்தாழ 40 மீட்டர் உயர விறைப்பான அமைப்பு நின்றது. அதைச் சுருட்ட முடியாது, இறக்கி மடிக்கவும் முடியாது. ஒவ்வொரு நாளும் கடலிலிருந்து திரும்பியதும் கிரேனால் தூக்கிக் கழற்றிக் கொட்டகைக்குள் கொண்டுபோக வேண்டும். பந்தயம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்த வேலைக்கு விடுமுறை கிடையாது.

வெளிநாட்டுத் தொடர்களுக்குப் போகும் நம் சென்னைப் படகோட்டிகளும் இப்படித்தான் மூட்டை கட்டுவார்களா?
– வாசகி, சென்னை

படகின் வகையைப் பொறுத்தது. டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்ற சென்னையின் நேத்ரா குமணன் ஓட்டும் ஐ.எல்.சி.ஏ.-6 ஒருவர் மட்டுமே செல்லும் படகு, 4.23 மீட்டர் நீளம், சுமார் 59 கிலோ. பாய்மரம் இரண்டு துண்டுகளாகக் கழன்றுவிடும். ஒலிம்பிக்கில் இவ்வகைப் படகுகளை ஏற்பாட்டாளர்களே எல்லோருக்கும் ஒரேமாதிரியாகத் தருகிறார்கள். அதனால் அங்கே ரத்தான நாளின் வேலை, தள்ளுவண்டியில் படகைக் கரையேற்றி, சுக்கானையும் நடுப்பலகையையும் உறையிலிட்டு, பாயைச் சுருட்டிவைப்பதோடு முடிந்துவிடும். டோக்கியோவில் கணபதியும் வருண் தக்கரும் சேர்ந்து ஓட்டிய 49-இ.ஆர். வகை இருவர் படகுக்கு இதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும்; அதன் பக்கச் சிறகுகளும் கம்பிகளும் அதிகம். கடல் தாண்டிப் போகும் படகென்றால் கண்டெய்னருக்குள் அடுக்க வேண்டும். சரியாகக் காயாத பாய்க்கு அங்கே வாரக்கணக்கில் காற்று கிடைக்காது.

பந்தயம் நடக்காத நாளுக்கான நுழைவுக் கட்டணத்தைத் திருப்பித் தருவார்களா?
– வாசகர், ஈரோடு

பொதுவாகத் தருவதில்லை. மிதவை போடும் படகுகளுக்கும் கிரேனுக்கும் துறைக்கும் ஆன செலவு மூடுபனியால் குறைவதில்லை. அன்று மாலை ஏற்பாடாகியிருந்த விருந்து மட்டும் பெரும்பாலும் திட்டமிட்டதைவிட முன்னதாகவே தொடங்கிவிடும். படகைக் கழுவி முடித்தவர்கள் வரிசையில் முதலில் நிற்பார்கள்.